பக்கத்து சீட்டு பிரேக்

கார் ஓட்டச் சொல்லித்தருகிறவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் போதும், வலது கால் தானாக முன்னால் போய்த் தரையை மிதிக்கும். பஸ்ஸில் போனாலும் மிதிக்கும், டிவியில் யாராவது காரை வேகமாக ஓட்டினாலும் மிதிக்கும். இந்தக் கதைக்குரியவளுக்கு அது முற்றிப்போன கேஸ். பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயரே பிரேக் மேடம். புதிதாகக் கற்க வருகிறவர்கள் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வியர்த்து வழியும்போது, தன் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு, "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்பாள். அந்த வார்த்தையை நம்பி ஊரில் பாதிப்பேர் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள்.

அவளுடைய கணவரும் அப்படி வந்து மாட்டிக்கொண்டவர்தான். மருந்துக்கடைக்காரர். டாக்டர்கள் கிறுக்குவதையெல்லாம் தண்ணீர் பட்ட பாடாகப் படித்துவிடுவார், ரிவர்ஸ் கியரைக் கண்டால் மட்டும் கை உதறும். மூன்று தடவை டெஸ்டில் கோட்டைவிட்டு, நாலாவது தடவை ஒருவழியாக லைசென்ஸ் வாங்கியவர், "அப்ப இனிமே கிளாஸுக்கு வர வேணாமா?" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாராம். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும், மேடம் பக்கத்தில் இல்லாமல் அவரால் வண்டியைப் பின்னால் எடுக்க முடியாது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மேடம் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை காலை அவர்கள் வாசலில் ஒரே அமர்க்களம். தண்ணீர் பாட்டில்கள், பிஸ்கட், மாற்றுத்துணி, வாந்தி வந்தால் பிடிக்கப் பிளாஸ்டிக் பைகள், பெரியவனுடைய டைனோசர், சுண்டுவின் ஒற்றைக்கண் கரடி. பெரியவனுக்கு ஏழு வயது, கேள்வி கேட்பதே முழுநேர வேலை. சுண்டுவுக்கு நாலு வயது. ஆள்தான் சுண்டைக்காய், வாய் வண்டலூர் வரைக்கும் என்றெல்லாம் சொல்ல முடியாது. அவள் அளந்துதான் பேசுவாள், ஆனால் பேசினால் குறி தப்பாது.

பயணம் மேடத்தின் அக்கா வீட்டுக்கு. பகல் முழுக்க ஓடவேண்டிய தூரம். சொந்த வண்டி இல்லாததால் பள்ளி முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பயிற்சி வண்டியையே வாங்கி வந்திருந்தாள். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கூரைமேல் இருக்கும் போர்டைக் கழற்றக்கூடாது. "போற வழியெல்லாம் நமக்கு விளம்பரமா இருக்கட்டும்மா." ஆக, 'ஓட்டப் பழகுகிறோம், தள்ளி வரவும்' என்று சிவப்பு எழுத்தில் ஊருக்கே அறிவித்துக்கொண்டு அந்தக் குடும்பம் கிளம்பியது. கணவர் ஓட்ட, மேடம் பக்கத்து சீட்டில். அவள் காலுக்குள் ஒரு இரும்புத் தகடு இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குமேல் ஓட்டினால் கால் வீங்கிவிடும்.

அந்தத் தகட்டிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். சுண்டு எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, கற்றுக்கொள்ள வந்த ஒருவர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதித்தார். மேடம் தன் பிரேக்கை மிதிக்கத்தான் செய்தாள். வண்டி நிற்பதற்குள் மதில் வந்துவிட்டது. ஓட்டியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை, மேடத்தின் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஒரு ஆபரேஷன் என்றார்கள், பிறகு இன்னொன்று என்றார்கள், பிறகு உள்ளே சீழ் பிடித்திருக்கிறது என்றார்கள். கணவர் கடையைப் பார்ப்பாரா, மூன்று வயதுப் பையனைப் பார்ப்பாரா, படுக்கையில் கிடப்பவளைப் பார்ப்பாரா? அக்கா வந்தாள். கைக்குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நீ முதல்ல எழுந்து நட. அப்புறம் வந்து வாங்கிக்கோ."

எழுந்து ஒழுங்காக நடப்பதற்கு இரண்டு வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது. அதற்குள் சுண்டு பேசக் கற்றுக்கொண்டாள். யாரிடமிருந்து? அக்காவின் இரண்டு பெண்களிடமிருந்து. அவர்கள் அக்காவை 'அம்மா' என்றார்கள், இவளும் 'அம்மா' என்றாள். போனில் தெரியும் முகத்தை அவர்கள் 'சித்தி' என்றார்கள், இவளும் 'சித்தி' என்றாள். குழந்தை மேல் என்ன தப்பு? கேட்டதைச் சொன்னது.

போன வருஷம்தான் அவளைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். கூட்டிவந்தார்கள் என்று நாகரிகமாகச் சொல்லலாம். உண்மையில் பிய்த்துக்கொண்டு வந்தார்கள். அக்காவின் கழுத்திலிருந்து அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது மேடம்தான். பஸ்ஸில் குழந்தை அழுது அழுது வாந்தியெடுத்தது, தொண்டை கட்டிப்போன பிறகும் சத்தமில்லாமல் அழுதது. அந்த விரல்களின் பிடி இன்னும் மேடத்தின் கையில் இருக்கிறது.

வந்த ஒரே மாதத்தில் மருந்துக்கடைக்காரர் 'அப்பா' ஆகிவிட்டார். அதில் அவருடைய சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அக்கா வீட்டுக்காரர் கப்பலில் வேலை செய்பவர், வருஷத்தில் பெரும்பகுதி கடலில்தான். அதனால் அந்தப் பதவி காலியாக இருந்தது. அம்மா பதவி காலியாக இல்லை. மேடம் தலை வாரிவிட்டாள், கதை சொன்னாள், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுண்டு எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாள். "சித்தி, தண்ணி." "சித்தி, உங்க வீட்டுக் குழாய் சொட்டுது." "சித்தி, உங்க வீட்டு ஃபேன் ஏன் கத்துது?" சித்தி என்பதைக்கூட மேடம் தாங்கிக்கொண்டாள். அந்த 'உங்க வீடு' அவளை அறுத்தது. விருந்தாளிதானே அப்படிச் சொல்வாள்?

எதிர்வீட்டுக்காரி, "ரெண்டு போடு போட்டு அம்மான்னு சொல்ல வைக்காம, என்ன இது கூத்து?" என்றாள். "அடிச்சு வாங்குற பேரு எனக்கு வேணாங்க" என்று மேடம் கதவைச் சாத்திவிட்டாள். சாத்திய பிறகு கதவுக்குப் பின்னால் நின்று அழுதது எதிர்வீட்டுக்குத் தெரியாது.

ஒரு வருஷமாக அக்கா போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள், "ஒரு தடவை கண்ணுல காட்டுடி." மேடம் ஒரு வருஷமாகச் சாக்குச் சொன்னாள். கால் வலி, பையனுக்குப் பரீட்சை, கடையில் ஆள் இல்லை. உண்மையான காரணம் பயம். அங்கே போனால் குழந்தை திரும்பி வருமா? கடைசியில், பெற்ற குழந்தையைப்போல் வளர்த்தவளுக்கு அவளைக் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பதும் ஒரு பாவம்தான் என்று அவளுக்கே உறைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கணவரிடம் சொன்னாள்.

"இந்தத் தடவை நான் அவ கையைப் பிரிக்க மாட்டேன்."

"அப்படின்னா?"

"வர்றேன்னு அவளா வந்து ஏறினா கூட்டிட்டு வருவோம். இல்லைன்னா அங்கயே இருக்கட்டும்."

கணவர் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தார். "என்ன பேசுறே நீ? நம்ம பொண்ணு."

"ஆமா. அதனாலதான்."

அவர் தட்டைத் திரும்ப எடுத்துத் துடைத்ததையே துடைத்தார்.

சாலையில் அவர்களுக்கு ராஜமரியாதை. போர்டைப் பார்த்ததும் முன்னால் போகிறவர்கள் ஒதுங்கினார்கள், பின்னால் வருகிறவர்கள் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தார்கள். ரயில்வே கேட்டில் பக்கத்தில் நின்ற லாரிக்காரர் ஜன்னலிலிருந்து குனிந்து பார்த்தார்.

"தலைவரே, பதட்டப்படாம ஓட்டுங்க. எல்லாரும் ஒரு காலத்துல இப்படித்தான்."

"எனக்கு லைசென்ஸ் இருக்குங்க!" என்றார் கணவர்.

"அதான், அந்தத் தைரியம் இருந்தா போதும். கேட்டைத் திறந்துட்டான், கிளச்சை மெதுவா விடுங்க."

பெரியவன் பின்சீட்டில் விழுந்து விழுந்து சிரித்தான். சுண்டு சிரிக்கவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவே கழுத்தை நீட்டி, மேடத்தின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி, நீ ஏன் மிதிக்கிறே? அப்பாதானே ஓட்டுறாங்க?"

"அப்பா மறந்துட்டா நான் மிதிக்கணும்ல."

"அப்பா மறப்பாங்களா?"

"அப்பாவைக் கேளு" என்றாள் மேடம். அப்பா சாலையைப் பார்ப்பதில் மும்முரமாகிவிட்டார்.

மதியச் சாப்பாடு வழியில் ஒரு தோழி வீட்டில். மேடத்தோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். கீழே கடை, மாடியில் வீடு. நல்ல மனசு, ஆனால் நாக்குக்குப் பூட்டு கிடையாது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "சித்தி, துண்டு" என்று சுண்டு கேட்டதும் தோழி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி, பெத்தவளைப் போய் சித்திங்கிறா!" என்றவள், மேடம் கண்ணைக் காட்டியதைக் கவனிக்காமல் அலமாரியிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து ஆட்டினாள். "இங்க பாரு கண்ணு. இவங்களை அம்மான்னு ஒரே ஒரு தடவை சொல்லு, இது உனக்கு."

சுண்டு சாக்லேட்டைப் பார்த்தாள். தோழியைப் பார்த்தாள். "அம்மா" என்றாள், சாக்லேட்டிடம். வாங்கிக்கொண்டு நேராக மேடத்திடம் வந்து கையை நீட்டினாள். "சித்தி, பிரிச்சுக் குடு."

தோழி சிரிக்கப் போய், மேடத்தின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் காகிதத்தைப் பிரித்துக் கொடுத்தாள்.

மறுபடி வண்டி கிளம்பியதும் சுண்டு தூங்கிவிட்டாள். பெரியவன் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான், "அம்மா, சுண்டு அங்கயே இருந்துடுவாளா?" பிள்ளைகள் காதில் விழக்கூடாதது எதுவோ அதுதான் முதலில் விழும்.

"தெரியலப்பா."

"அப்ப அவ கரடியையும் விட்டுட்டு வரணுமா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "என் டைனோசரையும் அவளுக்குக் குடுத்துடலாம். தனியா இருந்தா கரடி பயப்படும்" என்றான். சாலையில் எதுவுமே குறுக்கே வரவில்லை, ஆனால் மேடத்தின் கால் பிரேக்கின்மேல் அழுந்தி வண்டி லேசாகக் குலுங்கியது. கணவர் இடது கையை எடுத்து அவள் கையின்மேல் வைத்தார், அவளே, "ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல" என்று சொல்லும்வரை.

அக்கா வீட்டை அடையும்போது வெயில் தாழ்ந்திருந்தது. ஒரு வண்டி மட்டுமே நுழையக்கூடிய முட்டுச்சந்தின் கடைசி வீடு. அக்கா ஒரு பேக்கரிக்குக் கேக் பெட்டி மடித்துக் கொடுக்கிறவள். முன்னறை முழுக்க மடிக்காத அட்டைகள், மடித்த பெட்டிகள், நடக்க ஒரு சின்ன வழி. சுண்டு அந்த அட்டைகளுக்கு நடுவேதான் தவழ்ந்தாள், அங்கேதான் எழுந்து நின்றாள். கார் கதவு திறந்ததுதான் தாமதம், "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

அக்கா கையை விரித்துவிட்டுச் சட்டென்று தங்கையைப் பார்த்தாள். "பெரியம்மா. பெரியம்மான்னு சொல்லணும்" என்றாள். சொல்லும்போதே குழந்தையை வாரி எடுத்து முகத்தை அதன் வயிற்றில் புதைத்துக்கொண்டாள். சுண்டு அந்தத் திருத்தத்தைக் காதிலேயே வாங்கவில்லை. ராத்திரி அக்காவோடுதான் படுத்தாள். மேடம் கேட்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

மறுநாள் காலை பிள்ளைகள் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் காராக்கிவிட்டார்கள். அக்காவின் மூத்தவள் ஓட்ட, சுண்டு பக்கத்தில் உட்கார்ந்து வலது காலை நீட்டி அட்டையை மிதித்துக்கொண்டிருந்தாள். "கண்ணாடி பாரு. பாத்துட்டுத்தான் எடுக்கணும். கிளச்சை மெதுவா. பயப்படாத, நான் இருக்கேன்ல." குரல் அச்சு அசலாக மேடத்தின் குரல். கதவோரம் நின்ற மேடம், ஒரு வருஷமாக இந்தக் குட்டி தன்னை ஒரு சொல் விடாமல் கவனித்திருக்கிறது என்று அப்போதுதான் கண்டுகொண்டாள்.

இளையவள் அவளைப் பார்த்து, "சித்தி, நீங்களும் வந்து ஏறுங்க!" என்றாள்.

சுண்டு பெட்டியிலிருந்து எழுந்துவிட்டாள். "இது என் சித்தி!"

"எங்களுக்கும் சித்திதான்டி."

"இல்ல! என் சித்தி!"

"லூசு, எங்களுக்குத்தான் சித்தி. உனக்கு..." என்று மூத்தவள் ஆரம்பிக்க, மேடம் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். உலகத்தில் எந்த அம்மாவுக்காவது, தன்னைச் சித்தி என்று சொல்லிக் குழந்தை போட்ட சண்டையில் இப்படி உச்சி குளிர்ந்திருக்குமா? மேடத்துக்குக் குளிர்ந்தது. ஆனால் சண்டையில் தோற்ற சுண்டு அழுதுகொண்டே ஓடியது அடுப்படிக்குத்தான்.

"அம்மா! அம்மா! அம்மா, பாரு இவளை!"

அக்கா தொட்டியில் ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. புடவையை இழுத்தும் திரும்பவில்லை. பின்னாலேயே வந்த மேடம், அக்காவின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள். கண்ணீர் தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, கூப்பிடுறா. கேக்கலியா?"

"கேக்குது. நான் பதில் சொல்லிக்கிட்டே இருந்தா அவ எப்படி உன்னைக் கூப்பிடுவா? பழகட்டும்டி."

மேடத்துக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "பாலைக் கரைச்சு ஊத்தினவ நீ. பல்லு முளைக்கிறப்ப ராவெல்லாம் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தவ நீ. அந்தப் பேரு உன்னோடது, வச்சுக்கோ. குழந்தை கூப்பிட்டா என்னன்னு கேளுக்கா."

அக்கா டம்ளரைப் போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து குழந்தையைக் கட்டிக்கொண்டாள். மேடம் அவர்களை அப்படியே விட்டுவிட்டு வரப் பார்த்தாள். முடியவில்லை. சொல்லிவிட்டாள். "இன்னைக்கு நான் அவளைத் தூக்கி ஏத்த மாட்டேன்கா. போன தடவை மாதிரி என்னால முடியாது. அவளா வந்தா வரட்டும். இல்லைன்னா உன்கிட்டயே இருக்கட்டும்."

"பைத்தியமாடி உனக்கு?" என்றாள் அக்கா. ஆனால் கேட்பதற்கு முன்னால் அவள் கண்ணில் ஒரு ஆசை வந்து போனது. மேடம் அதைப் பார்த்தாள். தப்பாகத் தோன்றவில்லை. அக்காவின் இடத்தில் தான் இருந்தாலும் அந்த ஆசை வந்திருக்கும்.

சாப்பாடு ஆனதும் சாமான்களை ஏற்றினார்கள். சுண்டுவின் சின்னப் பையை மட்டும் மேடம் கதவோரத்தில் வைத்துவிட்டாள். சுண்டு கரடியோடு அக்காவின் இடுப்பில் இருந்தாள், ஒரு கை அக்காவின் கழுத்தில். அந்த விரல்களை மேடம் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

"முதல்ல வண்டியை ரோட்டுக்கு எடுத்துடலாம். அப்புறம் வந்து சொல்லிக்கிட்டுக் கிளம்புவோம்" என்றார் கணவர். முட்டுச்சந்து, திருப்ப இடமில்லை. மூலைவரை ரிவர்ஸில்தான் போகவேண்டும். ரிவர்ஸ் என்றால் மேடம் பக்கத்தில் இருக்கவேண்டும். அவள் ஏறி உட்கார்ந்து காலைப் பிரேக்கில் வைத்தாள். பெரியவன் ஜன்னலோரத்தைப் பிடிக்க ஏற்கெனவே ஏறியிருந்தான். "கண்ணாடி பாருங்க. மெதுவா. நான் இருக்கேன்ல" என்றாள் பழக்க தோஷத்தில். வண்டி பின்னால் நகர்ந்தது.

அலறல் கேட்டது.

"சித்தீ! சித்தீ! நான் இருக்கேன்! நான் இன்னும் ஏறவே இல்ல!"

மேடம் மிதித்த மிதியில் வண்டி குலுங்கி அணைந்தது, கூரை போர்டு சரிந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. முன்கண்ணாடி வழியே பார்த்தாள். சுண்டு அக்காவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, ஒரு கையில் கரடி, ஒரு கையில் தரையில் இழுபடும் பை, செருப்பில்லாத காலோடு வண்டியை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தாள். மேடம் கதவைத் திறந்து இறங்குவதற்குள் வந்து முன்னால் நின்றுவிட்டாள். மூக்கு ஒழுக, கோபத்தில் முகமெல்லாம் சிவந்திருந்தது.

"கண்ணாடி பாக்க மாட்டீங்களா? எல்லாரும் ஏறிட்டாங்களான்னு பாத்துட்டுத்தான் எடுக்கணும்!"

"தப்புதான்டி செல்லம். தப்புதான்" என்றாள் மேடம். தெருவிலேயே மண்டிபோட்டு அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். தகடு வைத்த கால் வலித்தது, அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. குழந்தையின் விரல்கள் அவள் கழுத்துக்குப் பின்னால் கோத்துக்கொண்டன. யாரும் அவற்றைக் கோத்துவிடவில்லை.

அக்கா செருப்புகளை எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். குனிந்து ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். சுண்டு பின்சீட்டில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக அக்காவின் கன்னத்தைத் தட்டினாள்.

"அம்மா, நாங்க எங்க வீட்டுக்குப் போயிட்டு வரோம். டாடா."

நம்ம வீடு இல்லை, உங்க வீடு இல்லை. எங்க வீடு. மேடம் அதைக் கேட்டாள். அக்காவும் கேட்டாள். ஒருத்தியை வீட்டுக்குள் சேர்த்த அதே வார்த்தை இன்னொருத்தியை வாசலுக்கு வெளியே நிறுத்தியதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள். அக்காவின் உதடு துடித்தது. ஆனாலும் சிரித்தாள்.

"போயிட்டு வாடி தங்கம். உங்க வீட்டுக்கு நானும் ஒரு நாள் வரேன்."

"நாளைக்கே வாங்க. எங்க வீட்டு ஃபேன் கத்தும், பயப்படாதீங்க" என்றாள் சுண்டு.

மேடம் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியே அக்காவின் கையைப் பிடித்தாள். ஒரு வருஷமாகத் தன்னை அறுத்த வார்த்தையை அக்கா இப்போது தன் வாயாலேயே சொன்னாளே என்று நினைத்து நினைத்து அந்தக் கையை விடவே முடியவில்லை. கணவர் கியரில் கையை வைத்தபடி காத்திருந்தார். பின்னாலிருந்து சுண்டுதான் அவள் தோளைத் தட்டினாள்.

"சித்தி, அழாத. பிரேக்குல கால வை. அப்பா ரிவர்ஸ் எடுக்கணும்."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு காலை வைத்தாள்.